சங்கத்தின் முழு நம்பிக்கை

நேரியோ தராபூஸி, போர்த்தோ கார்தெல்லா ஊர்க் கால்பந்துச் சங்கத்துக்குப் பதினோரு வருடம் ஆடினார். எந்த இடத்தில் ஆடினார் என்று ஊரில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். நாலும் சரியாகவே இருக்கும். வலது ஓரத்தில் ஆடத்தான் வந்தார். முதல் வருடமே இடது ஓரத்துக்காரன் காலை முறித்துக்கொண்டதால் அங்கே போனார். அடுத்து, நடுவில் நின்று கோல் அடிக்க ஆளில்லை என்று நடுவுக்குப் போனார். அடித்தார். அடித்ததைப் பார்த்து மகிழ்ந்த சங்கம், கோல் அடிக்க வேறொருவனைக் கொண்டுவந்துவிட்டு, "உனக்குத்தான் எங்க விட்டாலும் ஆட வருமே" என்று அவரைப் பின்னால் தள்ளியது. ஒரு மழைநாளில் கோல்கீப்பரை ரெஃப்ரி வெளியே அனுப்பிவிட, இருபது நிமிடம் கையுறை மாட்டிக்கொண்டு வலைக்கு முன்னாலும் நின்றார். ஒரு பெனால்டியைத் தடுத்தார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை அவரைச் 'சீட்டுக்கட்டின் ஜோக்கர்' என்று எழுதியது. எந்தச் சீட்டு கையில் இல்லையோ அங்கே செருகிக்கொள்ளலாம் என்று பொருள். அவர் மனைவி ஓர்னெல்லா அதைப் புகழ்ச்சி என்று நினைத்துக் கத்தரித்து வைத்தாள். ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

முப்பத்தேழு வயதில் முழங்கால் போதும் என்றது. அவர் அணிந்த எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கௌரவிக்கச் சங்கம் விரும்பியது. இரண்டு கூட்டம் போட்டார்கள். அவர் ஒன்பது எண்களை அணிந்திருந்தார். ஒன்பதையும் விலக்கினால் ஆடப்போகிறவர்களுக்கு இரண்டே சட்டைகள் மிஞ்சும் என்று தெரிந்தது. ஆகவே எதையும் விலக்குவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்து, பீங்கானில் ஒரு பட்டயம் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் கொமெந்தாத்தோரே எவரிஸ்தோ பெத்ரெல்லி குளியலறை ஓடு செய்கிறவர். பட்டயமும் அதே சூளையில் வெந்ததுதான்.

கொமெந்தாத்தோரே என்பது அரசு கொடுத்த பட்டம். அதைச் சொல்லாமல் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் அப்படித்தான் கூப்பிடுவதாகப் பேச்சு. விழாவில் அவர் பேசினார்:

"நேரியோவுக்கு இந்தச் சங்கத்தில் என்றைக்கும் ஓர் இடம் உண்டு. அது எந்த இடம் என்பதை அவ்வப்போது நாங்கள் தெரிவிப்போம்."

கைதட்டல் எழுந்தது. நேரியோவும் தட்டினார்.

அதன் பிறகு ஆறு வருடம் சங்கத்தின் இளைஞர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். சேறும் சகதியுமான பின்பக்க மைதானம், ஓட்டை வலை, நல்ல பையன்கள். அங்கே அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஏனென்றால் தலைவரும் ஏழு துணைத் தலைவர்களும் முதல் அணியைக் கவனிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கவனிப்பது என்றால் பயிற்சியாளர்களை நீக்குவது. அந்த நாட்டில் நீக்கப்பட்ட பயிற்சியாளருக்கு வேலைதான் போகும், ஒப்பந்தம் போகாது. சீசன் முடியும்வரை அவர் வேறு அணிக்குப் போக முடியாது. சங்கம் மறுபடி கூப்பிட்டால் வந்தாக வேண்டும். ஆகவே ஊரில் எந்தக் காலத்திலும் இரண்டு மூன்று பயிற்சியாளர்கள் சும்மா நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

ஓர் அக்டோபர் திங்கட்கிழமை, நேரியோவைச் சங்க அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். செயலாளர் குயின்தோ, மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், இரண்டு தாள்களை மேஜையில் நீட்டினார்.

"இது உங்க நியமனக் கடிதம், மிஸ்டர். வாழ்த்துக்கள்."

ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குயின்தோ கூப்பிட்டதும் நேரியோவுக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது.

"இது?"

"இது உங்க நீக்கக் கடிதம். பேர்ல எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக்குங்க. போன தடவை ஒருத்தருக்குத் தப்பா அடிச்சு, அவரு நான் அந்த ஆளே இல்லன்னு மூணு நாள் வேலைக்கு வந்துட்டாரு."

நேரியோ வாசித்தார். 'தங்கள் தொழில்நேர்த்திக்கும் மனிதப் பண்புக்கும் சங்கம் இதயபூர்வமாக நன்றி சொல்கிறது.' தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடலியே, குயின்தோ."

"அதனாலதான் நன்றி பளிச்சுனு இருக்கு. அப்புறம் எழுதினா கசப்பு வந்துரும்."

பெயரில் பிழை இல்லை. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அணியை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் சங்கத்துக்கு ஒரு முறை இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் துணைத் தலைவர்கள் ஏழு பேரும் கூடுவார்கள். பயிற்சியாளர் தன் பதினோரு பேரைச் சொல்ல வேண்டும். அவர்கள் அதை மதித்துக் கேட்டுக்கொண்டு, பிறகு தங்கள் பதினோரு பேரைச் சொல்வார்கள். மொர்த்தாதெல்லா தொத்திறைச்சி செய்யும் துணைத் தலைவர் ஸக்காரியாவுக்கு எரோஸ் என்று ஓர் அக்கா மகன் இருந்தான். முன்வரிசையில் ஆடினான். உண்மையைச் சொன்னால் முன்வரிசையில் நின்றான்.

"எரோஸ் ஓட மாட்டேங்கிறான்" என்றார் நேரியோ முதல் வெள்ளிக்கிழமையே.

"ஓடறதுக்கு மத்த பத்துப் பேரு இருக்காங்களே" என்றார் ஸக்காரியா. "எல்லாரும் ஓடினா யாரு நிக்கிறது?"

மற்ற ஆறு பேரும் யோசித்துத் தலையாட்டினார்கள். கூட்டக் குறிப்பேட்டில் குயின்தோ அதை எழுதிக்கொண்டார்.

எரோஸ் நின்றான். அணி மூன்று மேட்சு தோற்றது. மூன்றாவது தோல்விக்கு மறுநாள் அணி முழுவதையும் மலைமேல் ஒரு பழைய கன்னிமாடத்துக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். சங்கத்தில் அதற்குத் 'தனித்திருத்தல்' என்று பெயர். ஆட்டக்காரர்கள் ஐந்து நாள் வீட்டுக்குப் போகாமல், மனைவி மக்களைப் பார்க்காமல், தங்கள் தவறுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். சாப்பாடு, உப்பில்லாத வெள்ளைச் சோறும் வேகவைத்த கோழியும். தலைவரும் தார்மீக ஆதரவுக்காகத் தன் சமையல்காரரோடு வந்து தங்கினார். இருபத்திரண்டு பேர் வெள்ளைச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, அவர் முன்னால் முயல்கறிக் குழம்பு ஊற்றிய தாலியாதெல்லே பாஸ்தா ஆவி பறந்தது.

"நான் சாப்பிடுவதைப் பாருங்கள்" என்று எழுந்து பேசினார். "ஜெயிக்கிறவன் எப்படிச் சாப்பிடுவான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு இதில் ஒரு சுகமும் இல்லை. உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறேன்."

பிறகு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

கேப்டன் துல்லியோவுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நேரியோவிடம் வந்து மெல்லக் கேட்டான்: "மிஸ்டர், ஒரு தடவை போயிப் பாத்துட்டு வந்துர்றேன். ரெண்டு மணி நேரம்."

"என் கார எடுத்துக்க" என்றார் நேரியோ. "யாராச்சும் கேட்டா பின்பக்கம் ஓடிக்கிட்டிருக்கன்னு சொல்லிக்கறேன்."

துல்லியோ போய் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன்தான் இரண்டு கோல் அடித்தான். ஆனால் எதிரணி மூன்று அடித்துவிட்டது.

திங்கட்கிழமை சங்கத்தின் அறிக்கை வந்தது: 'பயிற்சியாளர் தராபூஸிமீது சங்கம் முழு நம்பிக்கை வைத்திருக்கிறது.' அதைப் படித்ததும் ஓர்னெல்லா மாடியிலிருந்து இறங்கி வந்து அவர் கோட்டைத் துவைக்கப் போட்டாள்.

"எதுக்கு இப்ப?"

"நாளைலேர்ந்து உனக்கு வேண்டியிருக்காதே."

செவ்வாய்க்கிழமை காலை குயின்தோ தேதியை நிரப்பினார்.

அடுத்து வந்தவர் பேராசிரியர் மல்வெஸ்தீத்தி. பந்தைவிடக் கரும்பலகையில் அதிக நம்பிக்கை உள்ளவர். நேரியோவுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் துறைமுகத்துப் பக்கம் இருந்த மதுக்கடைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அந்த வருடம் ஏற்கெனவே நீக்கப்பட்ட இரண்டு பயிற்சியாளர்கள் சான்ஜொவேஸே ஒயின் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பிரிஸ்கோலா சீட்டு ஆடலாம் என்றால், ஜோடி சேர்ந்து ஆட ஒரு கை குறைந்தது.

"ரெண்டு வாரம் பொறுங்க" என்றார் அவர்களில் மூத்தவர், சீட்டைக் கலைத்துக்கொண்டே. "பேராசிரியருக்கு நேத்து முழு நம்பிக்கை தெரிவிச்சிருக்காங்க."

இரண்டு வாரம் ஆகவில்லை. வியாழக்கிழமையே மல்வெஸ்தீத்தி தன் கரும்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஆனால் அன்றும் ஆட்டம் நடக்கவில்லை; நேரியோவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த முறை அவர் துணிந்தார். எரோஸைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அணி ஓடியது. வெளியூரில் ஒன்று, சொந்த ஊரில் இரண்டு என்று வரிசையாக மூன்று வெற்றி. கடைவீதியில் மீன் விற்கிற பெண்கள் அவருக்குச் சாளை மீனைச் சும்மா கொடுத்தார்கள். நான்காவது வெள்ளிக்கிழமை துணைத் தலைவர்கள் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"ஜெயிச்சிருக்கோம்" என்றார் நேரியோ.

"ஜெயிச்சிருக்கீங்க" என்றார் ஸக்காரியா. "நாங்க சொன்ன ஆளுங்க இல்லாம ஜெயிச்சிருக்கீங்க. அப்ப நாங்க எதுக்குன்னு ஊர்ல கேக்கறாங்க. என் அக்கா கேக்குறா."

தலைவர் கனைத்துக்கொண்டு எழுந்தார். "தோல்வியைச் சங்கம் மன்னிக்கும், நேரியோ. தோல்விக்குக் காரணம் சொல்ல முடியும். ரெஃப்ரி, மழை, புல். இப்படிப்பட்ட வெற்றிக்கு நாங்கள் என்ன காரணம் சொல்வது? உன்மீது எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது."

அப்போது அறையில் இருந்த எல்லோரும் குயின்தோவைப் பார்த்தார்கள். குயின்தோ பேனா மூடியைக் கழற்றினார்.

நேரியோ மதுக்கடைக்குத் திரும்பினார். மல்வெஸ்தீத்தியும் அங்கேதான் இருந்தார். வசந்தகாலம் முழுக்க நாலு பேருமாக ஆடினார்கள். அதற்குள் முதல் அணிக்கு இன்னும் இரண்டு பேர் வந்து போனார்கள். எரோஸ் தன் இடத்தில் நின்றான். அணி பட்டியலின் அடிக்குச் சரிந்தது. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சொந்த மைதானத்தில் ஒரே ஒரு மேட்சு பாக்கி. ஜெயித்தால் பிழைக்கலாம். இல்லையென்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். அங்கே போனால் பாதிப் பேரை வெளியே அனுப்புவார்கள். பின்பக்க மைதானத்து இளைஞர் அணியைக் கலைத்தேவிடுவார்கள்.

வியாழக்கிழமை குயின்தோ மதுக்கடைக்கே வந்துவிட்டார்.

"மிஸ்டர், எழுந்து வாங்க."

"ஒரு கை இருக்கு, ஆடிட்டு வர்றேன்."

"தலைவர் கார்ல உக்காந்திருக்காரு. உள்ள வர மாட்டேங்கறாரு. இங்க இருக்கற எல்லாரையும் அவருதான் நீக்கியிருக்காரு, சங்கடமா இருக்காம்."

மூன்றாம் நியமனத்தில் ஒரு புது விஷயம் இருந்தது. முன்வரிசைக்காரர்களில் ஒருவனுக்கு முழங்காலில் அடி, ஒருவனுக்கு ஆடத் தடை. எரோஸ் அத்தை கல்யாணத்துக்கு விடுப்பு எடுத்திருந்தான். விதிப்புத்தகத்தைப் புரட்டிய துணைத் தலைவர்கள், பயிற்சியாளராக ஒப்பந்தம் உள்ளவரை ஆட்டக்காரராகவும் பதிவு செய்யலாம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். தனியாக ஒப்பந்தம் போட நேரமில்லாததால், பயிற்சியாளர் ஒப்பந்தத்திலேயே இரண்டாவது பத்தியாக அதைச் சேர்த்துவிட்டார்கள்.

"எனக்கு நாப்பத்து மூணு வயசு, கொமெந்தாத்தோரே."

"உனக்குத்தான் எங்கே விட்டாலும் ஆட வருமே, மகனே."

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. எழுபது நிமிடம் யாரும் கோல் அடிக்கவில்லை. எதிரணிக்கு டிரா போதும். பதினோரு பேரும் தங்கள் வலைக்கு முன்னால் குவிந்து நின்றார்கள். நேரியோ பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இரண்டு தடுப்பாட்டக்காரர்களும், மாற்றுக் கோல்கீப்பரும், உடைகளைப் பார்த்துக்கொள்ளும் எல்வீனோவும் இருந்தார்கள்.

எல்வீனோ அவரோடு சேர்ந்து கிழவனானவர். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டினார். "போடா" என்றார். "என்னய போகச் சொல்றியா?"

நேரியோ கோட்டைக் கழற்றினார். சட்டை வயிற்றில் இறுக்கியது. உள்ளே ஓடியபோது கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு எழுந்து நின்றது. அவருக்கு ஓட முடியவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. வலது ஓரத்தில் நின்றார். பின்னால் இறங்கினார். இடது பக்கம் போய் ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தார். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் துல்லியோ பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டபோது, எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் யாரும் அந்தக் கிழட்டு ஆளை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவர் குதிக்கக்கூட இல்லை. பந்து வந்தது, நெற்றியைக் கொடுத்தார், அது உள்ளே போனது.

அந்தச் சத்தம் கடலில் இருந்த படகுகளுக்குக் கேட்டதாம்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். துல்லியோ நேரியோவை முதுகில் தூக்கிக்கொண்டு சுற்றினான். அப்போது கதவு திறந்தது. தலைவர், பின்னால் ஏழு துணைத் தலைவர்கள், கடைசியாகக் குயின்தோ.

"நேரியோ" என்றார் தலைவர், கண்களைத் துடைத்துக்கொண்டு. "இந்தத் தருணத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். உன்மீது சங்கத்துக்கு முழு நம்பிக்கை இருக்கிறது."

குளியல் குழாய் சொட்டுவது கேட்டது. துல்லியோ நேரியோவை மெல்லக் கீழே இறக்கிவிட்டான்.

பதினேழு வருடமாக எந்த இடத்தில் விட்டாலும் நின்ற மனிதருக்கு அந்தக் கணத்தில் என்னவோ அறுந்தது. கோபம்கூட இல்லை. காலில் தைத்த முள்ளைப் பிடுங்கியதுபோல இருந்தது.

"நன்றி, கொமெந்தாத்தோரே. நான் ராஜினாமா பண்றேன்."

திங்கட்கிழமை காலை எழுத்து மூலமாகவும் இரண்டு வரி கொண்டுபோய்க் கொடுத்தார். குயின்தோ அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஃபைல் இல்லியே, மிஸ்டர். யாரும் இப்படிப் பண்ணதில்ல."

தலைவர் உள்ளறையிலிருந்து பாய்ந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. மேடைப் பிரசங்கம்போல எப்போதும் விறைப்பாக வரும் பேச்சு அவரை விட்டுப் போய்விட்டது.

"நான் நீக்காம நீ எப்படிடா போவ? நூத்து ஆறு வருஷமா இந்தச் சங்கத்துல ஒருத்தனும் தானா போனதில்ல! என் அப்பா காலத்துலகூட! நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவான்? சங்கம் ஒருத்தன வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தன் சங்கத்த வேணாம்னுட்டான்னு சொல்ல மாட்டானா?"

"சொல்லுவான்" என்றார் நேரியோ. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பத்து மணிக்குக் கூடிய கூட்டம் மதியச் சாப்பாட்டு வேளைவரை நடந்தது. ராஜினாமாவை ஏற்பது மானக்கேடு. ஏற்காமல் இன்றைக்கு நீக்கினால், அணியைக் காப்பாற்றியவனை மறுநாளே நீக்கினார்கள் என்று ஊர் காறித் துப்பும். ஸக்காரியாதான் வழி கண்டுபிடித்தார்: சனிக்கிழமை தேதியிட்டு நீக்கிவிடலாம். அப்படிச் செய்தால் ராஜினாமா செய்ய ஆளே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெற்றியும் சங்கத்தின் வெற்றியாகிவிடும்.

"ஒப்பந்தத்துல ரெண்டாவது பத்தி ஒண்ணு இருக்கே, கொமெந்தாத்தோரே…" என்று குயின்தோ இழுத்தார்.

"பத்தியெல்லாம் அப்புறம். முத்திரையக் குடு."

அறிக்கை வெளியானது: 'பயிற்சியாளர் தராபூஸியின் ஒப்பந்தம் சென்ற சனிக்கிழமை முழுமையாக ரத்து செய்யப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அணி தலைவரின் நேரடி ஊக்கத்தில் ஆடி வென்றது.' கடைகளில் எல்லாம் ஒட்டினார்கள். அந்த வெற்றியால் கீழே இறங்கவேண்டியிருந்த சான் லெயோனே அணியின் வழக்கறிஞர் காப்பி குடிக்கப் போன இடத்தில் அதைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

சனிக்கிழமையே ஒப்பந்தம் ரத்து என்றால், அதிலிருந்த இரண்டாவது பத்தியும் ரத்து. பத்தி ரத்து என்றால் ஞாயிற்றுக்கிழமை கோல் அடித்தவர் அணியின் ஆட்டக்காரரே இல்லை. பதிவில்லாத ஆளை இறக்கிய அணிக்கு மூன்றுக்குப் பூஜ்யம் தோல்வி என்பது விதி.

சான் லெயோனே வழக்குப் போட்ட செய்தி வந்த மறுநாள் மதியம் தலைவரும் ஏழு துணைத் தலைவர்களும் நேரியோவின் வீட்டு வாசலில் நின்றார்கள். ஓர்னெல்லா அப்போதுதான் கோழிச்சாற்றில் காப்பெல்லெத்தி பாஸ்தா போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அத்தனை பேருக்கும் நாற்காலி இல்லை. இருந்திருந்தாலும் அவள் போட்டிருக்க மாட்டாள்.

"ஒரு கையெழுத்து" என்றார் தலைவர், ஒரு தாளை நீட்டி.

நேரியோ படித்தார். 'சங்கத்தின் அறிக்கையில் இருந்த தேதியை நான் தவறாகப் படித்துவிட்டேன்.'

"தேதி தப்புன்னு நீங்க ஒரு வரி எழுதுங்க, கொமெந்தாத்தோரே. அதோட முடிஞ்சு போச்சு."

"சங்கத்தோட அறிக்கை தப்பாகாது. நீ தப்பாப் படிச்சன்னு எழுதிக் குடு."

"ஊர்ல அத்தன பேரும் படிச்சாங்களே?" என்றாள் ஓர்னெல்லா. "எல்லாருமா தப்பாப் படிச்சாங்க?"

"அவங்களுக்கும் ஒரு படிவம் அடிச்சிக்கிட்டிருக்கோம்" என்றார் ஸக்காரியா.

நேரியோ கரண்டியைக் கீழே வைத்தார். துல்லியோவின் முகமும் பின்பக்க மைதானத்துப் பையன்களும் அவர் கண்முன் வந்து போனார்கள்.

"பொய்ல கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா விசாரணைக்கு வர்றேன். ஞாயித்துக்கெழம நான்தான் பயிற்சியாளர், நான்தான் ஆடினேன், திங்கக்கெழமதான் நீங்க தேதிய மாத்துனீங்கன்னு சொல்றேன். உங்களுக்காக இல்ல."

சங்கம் அதற்கு நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்ல அவர்களிடம் ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது, அது நீக்குவதற்கானது.

விசாரணை நடுவர் பொலிவில்லாத அறையில் உட்கார்ந்திருந்த களைத்த மனிதர். சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறு வழக்கு பார்க்கவேண்டியவர். நேரியோ சொன்னதை முழுக்கக் கேட்டார். பின் வரிசையில் துல்லியோவும் எல்வீனோவும் ஊர்க்காரர்கள் நாற்பது பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் தலைவர் பக்கம் திரும்பினார்.

"இவர் சொல்றத நான் நம்பறேன். ஆனா முத்திரை போட்ட காகிதம் உங்களோடது. தேதி தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வழக்க மூடிடறேன். உங்க அணி பொழச்சுக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அறை காத்திருந்தது. தலைவர் எழுந்தார். இடமும் வலமும் பார்த்தார். ஏழு துணைத் தலைவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலிலேயே நேரியோவுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா. நான் இந்தச் சங்கத்துக்கு இருபத்தொரு வருடமாகத் தலைவன். முப்பத்தெட்டுப் பயிற்சியாளர்களை நீக்கியிருக்கிறேன். ஒவ்வொருவரும் தவறு செய்தார்கள், அதனால்தான் நீக்கினேன். சங்கம் ஒரே ஒரு தடவை தவறு செய்தது என்று நான் இங்கே ஒப்புக்கொண்டால், அந்த முப்பத்தெட்டுப் பேரும் நாளைக் காலை என் வாசலுக்கு வருவார்கள். கீழ்ப்பிரிவில் ஆடலாம், ஐயா. அங்கேயும் தலைவர் தேவை. ஆனால் தப்புச் செய்த தலைவராக மேல்பிரிவில் எப்படி உட்காருவது? தேதி சரி. அறிக்கை சரி."

ஏழு துணைத் தலைவர்களும் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். பாதியில்தான் எதற்குத் தட்டுகிறோம் என்பது சிலருக்கு உறைத்தது. ஆனால் நிறுத்தினால் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று தொடர்ந்தார்கள்.

நடுவர் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு எழுதினார். மூன்றுக்குப் பூஜ்யம்.

வெளியே படிக்கட்டில் எல்வீனோ உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டு, தலைவரையும் தலைவரின் ஓடுகளையும் அவர் பரம்பரையையும் வரிசையாகத் திட்டினார். துல்லியோ நேரியோவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான். அவனுக்கு அடுத்த வாரமே வடக்கே ஓர் அணியில் இடம் கிடைத்தது. இளைஞர் அணிப் பையன்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓட்டை வலையைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜூன் மாதம் முழுக்க நேரியோ வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு கோல் அடித்து முடித்துவிட்டு ஒரு மனிதன் இவ்வளவு தோற்றுப்போக முடியுமா என்று சில நாள் நினைத்தார். பிறகு அந்தப் பையன்களில் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, கடற்கரை மணலில் பந்தை உருட்டச் சொன்னார். அங்கே அனுமதி கேட்க யாருமில்லை.

ஜூலை பத்தாம் தேதி, மதியம், தொலைபேசி அடித்தது. ஓர்னெல்லா எடுத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தே யாரென்று நேரியோ தெரிந்துகொண்டார்.

"ஆமா, கொமெந்தாத்தோரே… கீழ்ப்பிரிவு, ஆமா, கஷ்டம்தான்… யாரும் வர மாட்டேங்கறாங்களா? அடப்பாவமே." அவள் காதிலிருந்து கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பக்கத்துச் சொற்பொழிவு சமையலறை முழுக்கக் கேட்டது. பழைய காயங்களை மறப்பது பற்றி வந்தது. எந்த இடத்திலும் பொருந்தக்கூடிய மனிதர் என்று வந்தது. கடைசியில், சங்கத்தின் முழு நம்பிக்கை என்றும் வந்தது.

நேரியோ தக்காளி வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தினார். ஓர்னெல்லா அவரைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"தப்பான வீட்டுக்குப் போட்டுட்டீங்க, கொமெந்தாத்தோரே" என்றாள் அவள். "அந்த ஞாயித்துக்கெழம மைதானத்துல அப்படி ஒருத்தரே இல்லன்னு நீங்கதானே நடுவர்கிட்ட சத்தியம் பண்ணீங்க? உங்க அறிக்கைதான் தப்பாகாதே."

கருவியை வைத்துவிட்டு, அதுவரை வெட்டியிருந்த தக்காளியை எடுத்து எண்ணெய்க்குள் போட்டாள்.